சண்டை வந்தா கரண்டு என்னாகும்? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல உக்ரைன் கரண்டு ஸ்டேஷன்க மேல விழற குண்டுகளைப் பத்தி ரெண்டு பாரா எழுதியிருந்தனுங்க. அதுக்கு கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர், கரூர்னு நம்ம பக்கத்துல இருந்தே கேள்வி மேல கேள்வியா வந்திருக்குது. சர்வீஸ் பூரா சப் ஸ்டேஷன் மெயின்டனன்ஸ்லயே இருந்தவன்ங்கறதால இந்த இதழ் முழுக்க இதையே எடுத்துக்கறேன். வேற விஷயம் கேட்டவங்க சித்த பொறுத்துக்கங்க, அடுத்த இதழ்ல வரும்.

கேள்வி: சண்டைன்னா பட்டாளத்தை பட்டாளம் அடிக்கோணும். சப் ஸ்டேஷன் மேல எதுக்குங்கண்ணா ஏவுகணை போடறாங்க? அதுல அவங்களுக்கு என்ன லாபம்?
(விசைத்தறிக்காரர், சோமனூர்)

பதில்: லாபம் இருக்குதுங்க, அதனாலதான் போடறாங்க. கரண்டு நின்னா என்னென்ன நிக்கும்னு உங்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்ல, 2012 வாக்குல நம்ம மாவட்டங்கள்ல நாள்ல பாதி நேரம் கரண்டு இல்லாம கெடந்தப்ப தறி நின்னு, பவுண்டரி நின்னு, வாரக்கூலி குடுக்க வழியில்லாம எத்தனை பேரு தவிச்சாங்கன்னு நீங்களே பாத்திருப்பீங்க, அது வெறும் பற்றாக்குறைதான். அதையே ஒரு எதிரி வேணும்னே, அதுவும் உறைஞ்சு போற குளிர்காலத்துல பண்ணுனா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. தண்ணி மோட்டார் ஓடாது, சாக்கடை சுத்திகரிப்பு நின்னுரும், ஆஸ்பத்திரி டீசலை நம்பி ஓடும், செல்போன் டவர் பேட்டரி இருக்கற வரைக்கும்தான், ரயில் நிக்கும், கூடவே ராணுவத்துக்கு சாமான் பண்ற பேக்டரியும் நிக்கும். பட்டாளத்தை நேருக்கு நேரா ஜெயிக்க முடியாதவன் ஜனங்களைக் களைச்சுப் போக வச்சு ஜெயிக்கப் பாக்கறான், அவ்ளோதான் கணக்கு.

ரஷ்யா 2022 அக்டோபர் 10ம் தேதி ஒரே நாள்ல 80க்கு மேல ஏவுகணையை உக்ரைன் மேல விட்டுச்சு, அன்னைக்கு ஆரம்பிச்சு அந்தக் குளிர்காலம் பூரா குறி கரண்டுதான். நவம்பர் 23ம் தேதி அடிச்ச அடியில உக்ரைனோட அணுமின் நிலையங்க அத்தனையும் கிரிட்ல (நாடு பூரா லைனை இணைக்கற மின் வலை) இருந்து கழண்டுருச்சு, பக்கத்து நாடு மால்டோவால கூட பாதி ஊரு இருட்டாச்சு. மொத வருஷம் சப் ஸ்டேஷனை அடிச்சாங்க, 2024 மார்ச்சுக்கு அப்புறம் உற்பத்தி பண்ற எடத்தையே அடிக்க ஆரம்பிச்சாங்க. கீவ் பக்கத்துல இருந்த த்ரிபில்ஸ்கா தெர்மல் ஸ்டேஷன், 1800 மெகாவாட், ஏப்ரல் 11ம் தேதி ஒரே ராத்திரியில போச்சு.

ரஷ்யா மட்டும்னு நினைச்சுக்காதீங்க. 1991ல ஈராக்குல அமெரிக்காவும் கூட்டாளிகளும் இதையே பண்ணுனாங்க, கரண்டு போயி குடிதண்ணி சுத்தம் பண்றது நின்னு கொழந்தைங்க வயித்துப்போக்குல செத்தது அந்தச் சண்டை முடிஞ்ச பின்னாடிதான். 1999 மே மாசம் செர்பியால நேட்டோ விமானங்க கிராஃபைட் நூலை மழை மாதிரி கொட்டி லைன் பூரா ஷார்ட் ஆக வச்சு நாட்டுல முக்கால்வாசி எடத்தை இருட்டாக்குனாங்க. யாரு பண்ணுனாலும் அடி விழறது வீட்டுல இருக்கற ஜனங்க மேலதாங்க.

கேள்வி: சார், நான் டிரிபிளியீ ரெண்டாம் வருஷம். உக்ரைன்ல ட்ரான்ஸ்பார்மரைச் சுத்தி கான்கிரீட் கூண்டு கட்டியிருக்கற போட்டோ பாத்தேன். உண்மையிலயே அது தாங்குமா? ஒரு டிரோன் விலையை விட கூண்டு விலை அதிகமா இருக்காதா?
(பாலிடெக்னிக் மாணவர், ஈரோடு)

பதில்: நல்ல கேள்வி தம்பி, இதுக்குக் கொஞ்சம் நீளமாத்தான் பதில் சொல்லோணும்.

மொதல்ல ட்ரான்ஸ்பார்மரை நெருக்கமாப் பாத்துக்க. பெரிய பவர் ட்ரான்ஸ்பார்மரோட டேங்க்குக்குள்ள ஆயிரக்கணக்கான லிட்டர் எண்ணெய் இருக்கும், காயில் சூட்டை அந்த எண்ணெய்தான் வெளிய கொண்டாரும். பக்கவாட்டுல தகடு தகடா நிக்கறது ரேடியேட்டர், அந்தத் தகடு ரொம்ப மெல்லிசு. மேல கொம்பு மாதிரி நிக்கறது புஷிங், பீங்கான்ல பண்ணது. குண்டு நேரா மேல விழோணும்னே இல்ல, அம்பது அடி தள்ளி வெடிச்சாலும் ஒரு இரும்புச் சில்லு வந்து ரேடியேட்டர்ல ஓட்டை போட்டா எண்ணெய் ஒழுகும், பக்ஹோல்ஸ் ரிலே (எண்ணெய்ல கோளாறு வந்தா கண்டுபுடிக்கற காவல் கருவி) அலாரம் அடிச்சு ட்ரிப் ஆகும், அது பரவால்ல, ஓட்டையை அடைச்சு எண்ணெயை ஃபில்டர் பண்ணி ஊத்திக்கலாம். புஷிங் ஒடைஞ்சு உள்ள ஆர்க் அடிச்சு எண்ணெய் தீப்புடிச்சா அந்த ட்ரான்ஸ்பார்மர் முடிஞ்சுது, பக்கத்துல தீத்தடுப்புச் செவுரு இல்லைன்னா அடுத்ததும் போகும்.

அதனால உக்ரைன்ல மூணு அடுக்கா யோசிச்சாங்க. மொத அடுக்கு, கம்பி வலைக்கூண்டுல கல்லையும் மண்ணையும் ரொப்பி ட்ரான்ஸ்பார்மரைச் சுத்தி அடுக்கறது, மணல் மூட்டையும் சேத்தி. சில்லு தெறிக்கறதை இது நல்லா நிறுத்திருது, செலவும் கம்மி, உள்ளூர் ஆளுங்களே கட்டிருவாங்க. ரெண்டாவது, நாலு பக்கமும் மேலயும் கனமான கான்கிரீட் கட்டுமானம், சாஹெட் (ஈரான் வடிவமைச்ச, மோதி வெடிக்கற டிரோன்) மாதிரி ஒண்ணு நேரா வந்து மோதுனாலும் தாங்கறதுக்கு. மூணாவது, ஏவுகணையையே தாங்கற மாதிரி பெருசா, பூமிக்குள்ள எறக்கிக் கட்டறது, அதுக்குப் பணமும் வருஷமும் ஏராளமா ஆகும், எல்லா எடத்துலயும் முடியாது. அப்புறம் கூண்டு கட்டிட்டா மட்டும் ஆச்சா, ட்ரான்ஸ்பார்மர் சூடாகுமே, காத்தோட்டம் வேணும், புஷிங்ல இருந்து லைன் வெளிய வரோணும், தூரம் விடோணும், ரிப்பேர்னா க்ரேன் உள்ள போகோணும். இதையெல்லாம் டிராயிங்ல கொண்டாறதுதான் உன்னை மாதிரி பசங்க வேலை.

விலை கேட்டியல்ல. டிரோன் விலையோட கூண்டு விலையை ஒப்பிடக் கூடாது, உள்ள நிக்கற ட்ரான்ஸ்பார்மரோட விலையையும், அதைவிட முக்கியமா அது திரும்ப வந்து சேர ஆகற காலத்தையும் வச்சுத்தான் பாக்கோணும். பெரிய ட்ரான்ஸ்பார்மர் கடையில கெடைக்கற சாமான் இல்ல, ஆர்டர் குடுத்தாத்தான் பண்ணுவாங்க, இப்ப உலகம் பூரா இருக்கற கிராக்கியில ஒரு வருஷத்துக்கு மேல, சில எடத்துல மூணு நாலு வருஷம் கூட ஆகுது. அதை ரோட்டுல கொண்டாறதை நீ பாத்திருக்கியா? எத்தனையோ டயரு வச்ச ட்ரெய்லர்ல, நடந்து போற வேகத்துக்கு ஊர்ந்து வரும், முன்னாடி நம்ம ஆளுங்க மூங்கிலை வச்சு குறுக்க தொங்கற வயரைத் தூக்கிப் புடிச்சுட்டே நடப்பாங்க, பாலம் வந்தா எடை தாங்குமான்னு கணக்குப் போட்டுத்தான் ஏத்துவாங்க. சண்டை நடக்கற நாட்டுல இதைப் பண்ணிப் பாரு. உக்ரைன்ல சிக்கல் இன்னும் பெருசு, அங்க 330, 750 கேவின்னு (ஒரு கேவின்னா ஆயிரம் வோல்ட்) சோவியத் காலத்து வோல்டேஜ், மேக்கால இருக்கற நாடுகள்ல பெரும்பாலும் 400 கேவி. அதனால எல்லா நாட்டு ட்ரான்ஸ்பார்மரும் பொருந்தாது. 330 வச்சிருந்த லிதுவேனியா தன்கிட்ட இருந்த ஆட்டோ ட்ரான்ஸ்பார்மரைக் குடுத்துச்சு, அப்புறம் மூடிக் கெடந்த ஒரு தெர்மல் ஸ்டேஷனையே பிரிச்சு லாரியில ஏத்தி அனுப்புச்சு. அந்தச் சின்ன நாடு பண்ணுன உதவியை நான் பெருசா மதிக்கறேன்.

என் கருத்தைக் கேட்டா, ஆகாயத்துல சுட்டு வீழ்த்தற பீரங்கியும் வேணும், கூண்டும் வேணும், ஆனா அதையெல்லாம் தாண்டி குடோன்ல ஸ்பேர் இருக்குதா, மாட்டறதுக்குப் பழகுன ஆளுங்க இருக்காங்களா, இந்த ரெண்டும்தான் நாட்டோட கரண்டைக் காப்பாத்தும். ஏன்னா எவ்ளோ தடுத்தாலும் நூத்துல பத்து உள்ள வந்துரும். வந்ததுக்கு அப்புறம் எத்தனை நாள்ல எந்திரிச்சு நிக்கறோம்ங்கறதுதான் விஷயம். உக்ரைன் இத்தனை அடி வாங்கியும் கரண்டு முழுசா சாகாம இருக்குதுன்னா அதுக்கு அந்த ஊரு ரிப்பேர் ஆளுங்கதான் காரணம், வேலை செஞ்சுட்டு இருக்கறப்பவே அதே எடத்துல ரெண்டாவது தடவையும் குண்டு போட்டிருக்காங்க, சண்டை ஆரம்பிச்சதுல இருந்து நூத்துக்கும் மேல கரண்டு தொழிலாளிங்க செத்திருக்காங்க, அப்பவும் அடுத்த நாள் ஷிப்டுக்கு ஆளு வந்திருக்குது.

கேள்வி: சத்தீஸ்கர்ல இருந்து நம்ம புகலூருக்கு வர்ற பெரிய லைனை எவனாவது அடிச்சுட்டா தமிழ்நாடே இருட்டாயிருமாங்க?
(பஸ் பாடி கட்டறவர், கரூர்)

பதில்: தமிழ்நாடே இருட்டாகாதுங்க, ஆனா பலமா ஒரு குலுக்கல் இருக்கும். ராய்கர்ல இருந்து புகலூர் வரைக்கும் 1700 கிலோமீட்டருக்கு மேல வர்ற அந்த லைன் 800 கேவி டிசி, 6000 மெகாவாட் கொண்டாற தகுதி அதுக்கு, 2021 பிப்ரவரியில தொறந்தாங்க. அதுல ஒரு பங்கு திருச்சூருக்குப் போகுது. 2024 மே மாசம் தமிழ்நாட்டோட உச்ச தேவை 20,830 மெகாவாட், அப்ப அது எவ்ளோ பெரிய பங்குன்னு நீங்களே பாத்துக்கங்க. டிசி லைன்ல ஒரு போல் (பிளஸ், மைனஸ்னு ரெண்டு பக்கத்துல ஒரு பக்கம்) போனா இன்னொண்ணு ஓடிட்டு இருக்கும், எல்லாமே ஒண்ணா போனாத்தான் ஆபத்து. அப்படிப் போனா கிரிட்டோட பிரீக்வன்சி 50ல இருந்து கீழ எறங்கும், உடனே அங்கங்க இருக்கற ரிலே தானாவே சில ஃபீடரைக் கழட்டி விட்டு மிச்சத்தைக் காப்பாத்தும். உங்க ஏரியா கழண்டா கோபப்படாதீங்க, அடுத்த ஏரியா உசுரோட இருக்கறதுக்குத்தான் அது.

கிரிட்டு பெருசா ஒண்ணா இருக்கறதுல நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு. 2012 ஜூலை 31ம் தேதி வடக்கு, கிழக்கு, வடகிழக்குன்னு மூணு கிரிட்டும் விழுந்து 60 கோடி பேருக்கு மேல கரண்டு இல்லாம போச்சு, அன்னைக்கு தெக்கு கிரிட்டு தனியா ஓடுனதால நாம தப்பிச்சோம். 2013 டிசம்பர் 31ம் தேதி ராய்ச்சூர் சோலாப்பூர் லைன் வழியா நாமளும் சேந்துட்டோம். இப்ப நமக்குப் பத்தலைன்னா வடக்கிருந்து வரும், ஆனா அங்க விழுந்தா இங்கயும் இழுக்கும். அதனாலதான் ஐலேண்டிங் ஸ்கீம்னு ஒண்ணு வச்சிருக்காங்க, கிரிட்டு விழற நேரத்துல ஒரு பவர் ஸ்டேஷனும் அதைச் சுத்தி இருக்கற முக்கியமான லோடும் தனித் தீவா பிரிஞ்சு நின்னுக்கும். அது காகிதத்துல இருந்தாப் பத்தாது, அப்பப்ப ரிலே செட்டிங்கைச் சரிபாக்கோணும். இதை எத்தனை தடவை வேணா சொல்லுவேன்.

கேள்வி: எங்க தோட்டத்துக்குள்ள டவர் போட்டப்ப, பூமிக்கடியில கேபிளாக் கொண்டு போங்கன்னு ஊரே ஒக்காந்து போராடுனோம், ஆரும் கேக்கல. இப்ப நீங்களே சொல்லுங்க, பூமிக்குள்ள இருந்திருந்தா சண்டைக்கும் பாதுகாப்பா இருந்திருக்குமா இல்லியா?
(விவசாயி, பல்லடம் பக்கம்)

பதில்: உங்க நியாயம் எனக்குப் புரியுதுங்க. தென்னையை வெட்டி, பூமி விலை எறங்கி, டவருக்குக் கீழ பண்ணையம் பண்ணிட்டு இருக்கறவங்க கஷ்டம் ஆபீஸ்ல ஒக்காந்திருக்கறவனுக்குத் தெரியாது. நஷ்ட ஈடு விஷயத்துல உங்களுக்கு ஒழுங்கா நடக்கலைங்கறதுதான் என் எண்ணமும்.

ஆனா சண்டைன்னு வந்தா பதில் கொஞ்சம் வேற மாதிரிங்க. பூமிக்குள்ள போற கேபிளை மேல இருந்து பாக்க முடியாது, டிரோன் வந்து அடிக்கறது சிரமம், நெசம். அதே சமயம் அதுல பழுது வந்தா எடத்தைக் கண்டுபுடிக்கோணும், குழி தோண்டோணும், ஜாயிண்ட் போடறதுக்குன்னே பழகுன ஆளு வரோணும், வாரக்கணக்குல ஆகும். டவர் விழுந்தா எல்லாருக்கும் தெரியும், எமர்ஜென்சி டவர்னு கழட்டி மாட்டற மாதிரி வச்சிருப்பாங்க, சில நாள்ல நிறுத்தி லைனை ஓட்டிருவாங்க. அதனாலதான் எதிரி டவரை விட்டுட்டு சப் ஸ்டேஷனைத் தேடறான். அதே புகலூர்ல இருந்து திருச்சூர் போற லைன்ல கேரளாவுக்குள்ள ஒரு பகுதியை பூமிக்கடியில கேபிளாவே போட்டிருக்காங்க, அப்ப முடியாத காரியம் இல்லைன்னு நீங்க கேட்டா என்னால மறுக்க முடியாது. ஊருக்குப் பக்கத்துலயும் சப் ஸ்டேஷன் வாசல்லயும் கேபிள், வெட்ட வெளியில டவர்னு கலந்து போடறது சண்டைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

கேள்வி: கரண்டை விடுங்க, சிலிண்டரும் பெட்ரோலும் நின்னா வீடு எப்படி நடக்கும்? நம்ம நாட்டுல எத்தனை நாளைக்கு இருப்பு இருக்கு?
(வாசகி, சிங்காநல்லூர்)

பதில்: அம்மிணி, கச்சா எண்ணெய்ல நூத்துக்கு 85க்கு மேல நாம வெளிநாட்டுல இருந்துதான் வாங்கறோம், சமையல் கேஸ்ல பாதிக்கு மேல. அந்த கேஸ்ல பெரும்பகுதி வளைகுடாவுல இருந்து ஹோர்முஸ்ங்கற குறுகலான கடல் வழியாத்தான் வரோணும். அதனால நம்ம பாதுகாப்பு நம்ம எல்லையோட முடியறதில்ல. 2019 செப்டம்பர் 14ம் தேதி சவுதியில அப்கைக்னு எண்ணெய் சுத்தம் பண்ற ஒரு எடத்துல, டிரோனும் ஏவுகணையும் தாழப் பறந்து வந்து அடிச்சுது, உலகத்துக்கு வர்ற எண்ணெய்ல 5 சதவீதம் ஒரே காலையில நின்னுபோச்சு. கோடி கோடியாக் கொட்டி வாங்கி வச்சிருந்த வான் பாதுகாப்பு அதைப் பாக்கவே இல்ல. ஆனா அவங்ககிட்ட ஸ்பேரும் ஆளும் இருந்துச்சு, ரெண்டு மூணு வாரத்துலயே உற்பத்தியைத் திரும்பக் கொண்டாந்துட்டாங்க. நான் மேல ஈரோட்டுத் தம்பிக்குச் சொன்னது இதையேதான்.

இருப்பு கேட்டீங்க. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் மூணு எடத்துல பாறையைக் கொடைஞ்சு பூமிக்கடியில 53 லட்சம் டன் கச்சா எண்ணெய் ரொப்பற மாதிரி கட்டியிருக்காங்க, முழுசா ரொப்பி இருந்தா நாட்டுக்கு ஒன்பதரை நாளைக்கு வரும். கம்பெனிங்க தனியா வச்சிருக்கறது இதுல சேராது, அது ரெண்டு மாசத்துக்குக் கிட்ட. எண்ணெயைப் பாறைக்குள்ள வைக்கறதுதான் சரியான வழி, மேல தொட்டியில வச்சா என்ன ஆகும்னு மெட்ராஸ்காரங்க 1914லயே பாத்துட்டாங்க. அந்த வருஷம் செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்ங்கற ஜெர்மன் கப்பல் வந்து பர்மா ஆயில் கம்பெனி தொட்டிங்க மேல சுட்டு ரெண்டு தொட்டி எரிஞ்சுது. 1971 டிசம்பர்ல நம்ம கடற்படை கராச்சியில பண்ணுனதும் அதேதான், கேமாரி எண்ணெய்த் தொட்டிங்க நாள் கணக்குல எரிஞ்சுதாம். கேஸுக்கும் இந்த மாதிரி பாறை அறை இன்னும் நெறைய வேணும், கச்சா எண்ணெய்க்கு யோசிச்ச அளவுக்கு சிலிண்டருக்கு யோசிக்கலைங்கறது என் வருத்தம். வீட்டுல ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் இருக்கட்டும், ரெண்டும் ஒரே நாள்ல நிக்கறது அபூர்வம்.

கேள்வி: எங்கூர்ல சுத்தி எங்க பாத்தாலும் காத்தாடிதான், வீட்டு மேலயும் சோலார் போட்டுட்டேன். அப்ப கிரிட்டு போனாலும் எங்களுக்குக் கவலை இல்லதானுங்களே?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், உடுமலை)

பதில்: இதை நெறைய பேரு இப்படியே நம்பிட்டு இருக்காங்க வாத்தியாரய்யா. உங்க சோலார் ஆன் கிரிட்டுன்னா (பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேந்து ஓடறது), ஈபி கரண்டு போன அந்த நிமிஷமே உங்க இன்வெர்ட்டரும் நின்னுரும், உச்சி வெயில் அடிச்சாலும் ஒரு பல்பு எரியாது. லைன்ல கை வச்சு வேலை பாக்கற லைன்மேன் உங்க வீட்டுக் கரண்டுல அடிபட்டுச் சாகக் கூடாதுன்னு வேணும்னே அப்படி வச்சிருக்காங்க. பேட்டரியோட ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருந்தாத்தான் கிரிட்டு இல்லாம ஓடும். அதே மாதிரி நம்ம பூளவாடி, கேத்தனூர் பக்கம் நிக்கற பழைய காத்தாடிகளுக்கு சுத்த ஆரம்பிக்கவே கிரிட்டுல கரண்டு இருக்கோணும்.

ஆனா ஒரே எடத்துல 2000 மெகாவாட் இருக்கறதை விட ஊரு ஊராப் பரவி இருக்கறதை அடிக்கறது எதிரிக்கு ரொம்பக் கஷ்டம், அதுல மாத்துக் கருத்தே இல்ல. 1966 ஜூன்ல ஹனோய், ஹைபோங்கு எண்ணெய்க் கிடங்குகளை அமெரிக்கா எரிச்சப்ப, வியட்நாம்காரங்க எண்ணெயை டிரம் டிரம்மா ஊரு ஊருக்குப் பிரிச்சு வச்சாங்க, பவர் ஸ்டேஷன் போனப்ப சின்னச் சின்ன டீசல் ஜெனரேட்டரா எறக்குனாங்க. கிடங்கு பூரா எரிஞ்சும் சண்டை நிக்கல. இப்ப உக்ரைன்லயும் பெரிய ஸ்டேஷனை நம்பாம ஊருக்கு ஊரு கேஸ் இன்ஜின் வச்சுட்டு இருக்காங்க.

இன்னொண்ணு, எல்லாம் விழுந்த பின்னாடி மொதல்ல எதை ஓட்டறதுங்கறது. தெர்மல் ஸ்டேஷனை ஸ்டார்ட் பண்ணவே வெளிய இருந்து கரண்டு வேணும், தண்ணி பம்பு, ஃபேன், கரி அரைக்கற மில்லுன்னு எல்லாத்துக்கும். தண்ணில ஓடற பவர் ஹவுஸுக்கு பேட்டரி இருந்தாப் போதும், கேட்டைத் தொறந்தா டர்பைன் சுத்தும், அங்கிருந்து லைனைச் சார்ஜ் பண்ணி ஒவ்வொரு ஸ்டேஷனா எழுப்பிக்கலாம். 1932ல பைக்காரா வந்ததாலதான் கோயமுத்தூர்ல மில்லு பெருகுச்சு, அந்த பைக்காராவும் குந்தாவும் மேட்டூரும் நமக்குப் பக்கத்துல இருக்கறது எவ்ளோ பெரிய பலம்னு இப்ப இருக்கற பசங்களுக்குத் தெரியறதில்ல. உற்பத்தி கம்மின்னு அந்தப் பழைய யூனிட்டுகளைக் கவனிக்காம விட்டுறக் கூடாதுங்க.

கேள்வி: குண்டே போடாம கம்ப்யூட்டர்ல இருந்தே கரண்டை நிறுத்திருவாங்களாமே?
(பனியன் கம்பெனி மேனேஜர், திருப்பூர்)

பதில்: பண்ணியிருக்காங்க. 2015 டிசம்பர் 23ம் தேதி உக்ரைன்ல மூணு விநியோக கம்பெனியோட கன்ட்ரோல் ரூம்ல ஆளுங்க பாத்துட்டு இருக்கறப்பவே ஸ்கிரீன்ல மவுஸ் அம்பு தானா நகந்து பிரேக்கரை (லைனைத் துண்டிக்கற பெரிய சுவிட்ச்) ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணுச்சு. சுமார் 2,25,000 கனெக்‌ஷனுக்கு கரண்டு போச்சு. எல்லாம் பல மாசத்துக்கு முன்னாடி யாரோ தொறந்த ஒரு ஈமெயில்ல இருந்து ஆரம்பிச்சது. அவங்களைக் காப்பாத்துனது என்னன்னா, ஆளுங்க வண்டியை எடுத்துட்டு ஒவ்வொரு சப் ஸ்டேஷனாப் போயி கையாலயே பிரேக்கரைப் போட்டாங்க, ஆறு மணி நேரத்துக்குள்ள வந்துருச்சு. எல்லாத்தையும் ஆளில்லா சப் ஸ்டேஷனா மாத்தோணும்னு பேசறவங்க இதை ஒரு தடவை படிச்சுப் பாக்கோணும், கையால போடத் தெரிஞ்ச ஆளை வீட்டுக்கு அனுப்பிட்டு அப்புறம் தேடக் கூடாது. நம்ம கூடங்குளத்துல கூட 2019ல அலுவலகக் கம்ப்யூட்டர் ஒண்ணுல வைரஸ் இருந்துச்சுன்னு நிர்வாகமே ஒத்துக்கிச்சு, உலையை ஓட்டற சிஸ்டம் தனியா இருந்ததால அதுக்கு ஒண்ணும் ஆகல. தனியா இருக்கறதுதான் பாதுகாப்பு. உங்க கம்பெனியிலயும் மெஷின் ஓட்டற கம்ப்யூட்டர்ல பென் டிரைவ் சொருக விடாதீங்க.

கேள்வி: அணுமின் நிலையத்தையும் அணையையும் அடிக்கக் கூடாதுன்னு சட்டம் எதும் இல்லீங்களா?
(வாசகர், கோபி)

பதில்: இருக்குதுங்க. 1977ல வந்த ஜெனீவா கூடுதல் ஒப்பந்தம் 56வது பிரிவுல அணை, அணுமின் நிலையம் ரெண்டையும் அடிக்கக் கூடாதுன்னு இருக்கு, சில விதிவிலக்கும் வச்சிருக்காங்க, இந்தியா அதுல கையெழுத்துப் போடல. 1943 மே மாசம் பிரிட்டிஷ் விமானங்க ஜெர்மனியில மோனே, எடர்னு ரெண்டு அணையை உடைச்சு வெள்ளத்துல ஆயிரத்துக்கும் மேல செத்தாங்க, அந்த மாதிரி திரும்ப நடக்கக் கூடாதுன்னுதான். ஆனா 2023 ஜூன் 6ம் தேதி உக்ரைன்ல ககோவ்கா அணை போச்சே. பவானிசாகருக்குக் கீழ குடியிருக்கற உங்களுக்கு அது என்னன்னு புரியும்.

நம்மகிட்ட இருக்கற ஒரு நல்ல விஷயம், 1988 டிசம்பர் 31ம் தேதி ராஜீவ் காந்தியும் பெனாசிர் பூட்டோவும் இருந்தப்ப போட்ட ஒப்பந்தம், ரெண்டு நாடும் அடுத்தவங்க அணு நிலையங்களை அடிக்கறதில்லைன்னு. 1992ல இருந்து வருஷா வருஷம் ஜனவரி 1ம் தேதி லிஸ்ட்டை மாத்திக்கறாங்க, கார்கில் சண்டைக்கு அப்புறமும் அது நிக்கல. இதே மாதிரி பெரிய அணைக்கும், கிரிட்டுக்கும் ஒரு ஒப்பந்தம் வரோணும்னு நான் மனசார விரும்பறேன். உக்ரைன்ல கரண்டு ஸ்டேஷனை அடிச்சதுக்காகவே 2024 மார்ச்சுல சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் ரெண்டு ரஷ்யத் தளபதிங்க மேல வாரண்ட் போட்டுச்சு, ஜூன்ல முன்னாள் பாதுகாப்பு மந்திரி ஷோய்கு, ராணுவத் தலைமைத் தளபதி கெராசிமோவ் மேலயும். புடிச்சு உள்ள போட முடியுதோ இல்லியோ, இது குற்றம்னு எழுத்துல வந்திருக்குதல்ல.

அணு உலையைப் பத்தி ஒண்ணு. உலையை நிறுத்தி வச்சிருந்தாலும் குளுத்தறதுக்கு வெளிய இருந்து கரண்டு வந்துட்டே இருக்கோணும். ஐரோப்பாவுலயே பெரிய, உக்ரைன்ல இருக்கற ஸபோரிஷியா நிலையம் 2022 மார்ச்சுல இருந்து ரஷ்யா கையில, வெளி லைன் அடிபட்டு பல தடவை டீசல் ஜெனரேட்டர்ல ஓடியிருக்கு. உலை மேல குண்டு போடாமயே, போற லைனை அறுத்தாலே ஆபத்துதான்.

கேள்வி: எங்களை மாதிரி வீட்டுல இருக்கறவங்க இதுல என்னதான் பண்ண முடியும்?
(வாசகி, பொள்ளாச்சி)

பதில்: 2025 மே 7ம் தேதி நாடு பூரா 244 மாவட்டங்கள்ல சிவில் டிபன்ஸ் ஒத்திகை நடத்துனாங்க ஞாபகம் இருக்குங்களா, தமிழ்நாட்டுல கல்பாக்கம், சென்னை பக்கம் நடந்துச்சு. நம்ம ஊர்ல அப்படி வந்தா போன்ல வீடியோ எடுக்காம சொல்றதைக் கேட்டு நடங்க. நெசமாவே ஒரு எடத்துல அடி விழுந்தா, எங்க விழுந்துச்சு எவ்ளோ சேதம்னு போட்டோ போடவே போடாதீங்க, அடுத்த குண்டை எங்க போடோணும்னு எதிரிக்கு நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிரும். உக்ரைன்ல அதுக்குத் தடையே இருக்கு.

மேல் தொட்டியை எப்பவும் ரொப்பி வைங்க, ரெண்டு நாளைக்குக் குடிதண்ணி தனியா இருக்கட்டும். மாத்திரை, இன்சுலின் வீட்டுல யாருக்காவது இருந்தா அதுக்கு மொதல்ல வழி பண்ணுங்க. கையடக்க ரேடியோ ஒண்ணு வாங்கி வைங்க, டவர் நின்னாலும் அது பேசும்.

தோட்டத்துல ஜெனரேட்டர் வச்சிருந்தா சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் (ஈபி, ஜெனரேட்டர் ரெண்டுல ஒண்ணை மட்டும் வீட்டோட சேக்கற சுவிட்ச்) போட்டிருக்கான்னு இன்னைக்கே போயிப் பாருங்க. நெறைய சாளைகள்ல ஜெனரேட்டர் வயரை நேரா மெயின் போர்டுல சொருகி ஓட்டறாங்க, மெயினை ஆஃப் பண்ண மறந்தா அந்தக் கரண்டு பின்னால போயி ட்ரான்ஸ்பார்மர்ல ஏறி 11 கேவியா லைனுக்குப் போகும், லைன் செத்துக் கெடக்குதுன்னு நம்பி கம்பம் ஏறி ஜம்பர் போட்டுட்டு இருக்கற லைன்மேன் அங்கயே போயிருவாரு. சண்டைக் காலம்னு இல்ல, ஒவ்வொரு மழைக்கும் காத்துக்கும் இது நடக்கற சாவு. ஸ்விட்ச்சை லைசென்ஸ் இருக்கற எலக்ட்ரீசியனை வச்சுப் போட்டுக்கங்க, போட்ட பின்னாடி உங்க செக்‌ஷன் ஆபீஸ்லயும் ஜெனரேட்டர் இருக்குன்னு எழுதிக் குடுத்துருங்க.